எதிர் வீட்டுப் பாப்பா ‘பாட்டி’ என்று கூப்பிட்டபோது

எதிர் வீட்டுப் பாப்பாவுக்கு அப்போது 2 வயது முடிந்து 2 மாதம். ஒரு சாயங்காலம் மொட்டை மாடியில் எங்கள் பிள்ளைகளோடு ஓடி விளையாடிக்கொண்டிருந்தவள் சட்டென்று நின்று, “பாட்டி, பாட்டி” என்றாள். கொடியிலிருந்து துணி எடுத்து மடித்துக்கொண்டிருந்த இரட்டையர் வீட்டுப் பாட்டிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அதுவரை அந்தக் குழந்தை அவரிடம் ஒட்டியதே இல்லை. “வாடி தங்கம், பாட்டிகிட்ட வா” என்று தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அவள் இன்னும் சத்தமாக “பாட்டி!” என்றாள். அவர் இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. பாட்டியின் புடவை முழுக்க ஆய்.

எதிர் வீட்டில் இந்தி பேசுவார்கள். அவர்கள் வீட்டில் ஆய்க்குப் பெயர் பாட்டி, ஒன்னுக்குப் போவதற்குப் பெயர் சூ சூ. குழந்தை சொல்ல வேண்டியதைச் சரியாகச் சொல்லிவிட்டாள். அவள் அம்மா ஓடி வந்து, பாதித் தமிழும் பாதி இந்தியுமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கண் கலங்கிவிட்டது. பாட்டி புடவைத் தலைப்பைக் கையில் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “நீ எதுக்கும்மா அழுவுற? கொழந்த மூணு தரம் சொல்லிச்சு. எனக்குல்ல வெளங்கல.”

அன்று ராத்திரியே நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி எழுதினேன். எங்கள் அம்முவுக்கு உச்சா, ஆய். கீழ் வீட்டு அண்ணாவின் பையனுக்கு மூச்சா, கக்கா. எதிர் வீட்டுப் பாப்பாவுக்கு சூ சூ, பாட்டி. இரட்டையரில் பெரியவன் ஒன்னுக்கு, ரெண்டுக்கு என்பான். சின்னவன் எதுவாக இருந்தாலும் “தண்ணி வருது” என்பான். அதைக் கேட்டு நானே ஒரு முறை அவனுக்கு டம்ளரில் தண்ணீர் மொண்டு கொடுத்திருக்கிறேன். அதைக் குடித்துவிட்டு அங்கேயே நின்றபடி போய்விட்டான். தாளை நான்கு பிரதி எடுத்து நான்கு வீட்டு ஃபிரிட்ஜ் கதவிலும் ஒட்டினோம். யார் வீட்டில் யார் பிள்ளை இருந்தாலும், அது சொல்வது பெரியவர்களுக்குப் புரிய வேண்டும். அவ்வளவுதான் அன்றைக்கு நினைத்தது.

நாங்கள் இருப்பது சென்னை மடிப்பாக்கத்தில், தரைத்தளமும் மூன்று மாடியுமான கட்டடம். நான் இன்சூரன்ஸ் கிளெய்ம்களைச் சரிபார்க்கும் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறேன். கணவருக்கு ஒரகடத்தில் ஷிப்ட் வேலை. சில வாரம் பகலில் தூங்குவார், சில வாரம் ராத்திரியில் இருக்க மாட்டார். என் அம்மா விருதுநகரில். கீழ் வீட்டு அண்ணா மனைவி நர்ஸ் என்பதால் பையனைப் பகலில் பார்த்துக்கொள்வது அண்ணாதான். இரட்டையர் வீட்டில் பாட்டி உண்டு, ஆனால் பிள்ளைகள் இரண்டு. எதிர் வீட்டுப் பெண்ணுக்கு இந்த ஊரில் சொந்தமென்று யாருமே இல்லை. ஆளுக்கொரு காரணத்தால் நாங்கள் எல்லோரும் தனியாகத்தான் இருந்தோம். அது எனக்குப் புரியவே சில மாதங்கள் ஆயின.

நான் அம்முவைக் கழிப்பறைக்குப் பழக்க ஆரம்பித்தது பங்குனி மாதம். அவளுக்கு 2 வயது 4 மாதம். ஆரம்பித்த காரணம் அவள் இல்லை. ஜூனில் சேர்க்கக் கேட்டிருந்த பிளே ஸ்கூலில், டயப்பர் இல்லாமல் வந்தால்தான் சேர்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளை இரண்டு மணி நேரமாவது நனையாமல் இருக்கிறாளா, ஜட்டியைத் தானாக இறக்கத் தெரிகிறதா, நனைந்ததும் வந்து சொல்கிறாளா, உட்காரச் சொன்னால் உட்காருகிறாளா என்று பார்த்துவிட்டு ஆரம்பிக்க வேண்டும். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்றைக்கு நான் காலண்டரைப் பார்த்து ஆரம்பித்தேன்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். “உன்னய ஒரு வயசுலயே பழக்கிட்டோமே” என்றாள். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. இரண்டு நாள் பேசவில்லை. பிறகு மனசு ஆறி, “எப்படிம்மா பழக்குனீங்க, வரிசையாச் சொல்லு” என்று கேட்டேன். அம்மா அரை மணி நேரம் சொன்னாள்.

கழுத்து நின்றதும் ஆரம்பித்துவிடுவார்களாம். என் அம்மாச்சி கொல்லைப்புறத்தில் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்காருவார். இரண்டு பாதத்துக்கும் நடுவே இடைவெளி விட்டு, கணுக்கால் மேல் என்னை உட்கார வைத்து, முதுகைக் கையால் தாங்கிக்கொண்டு “ஸ்ஸ்ஸ்” என்பார். தூங்கி எழுந்ததும் ஒரு தரம், பால் குடித்த சற்று நேரத்தில் ஒரு தரம். கீழே மண்தரை, மேலே சாம்பலைத் தூவி அள்ளிவிட்டால் முடிந்தது. இடுப்பில் துணிதான், அதனால் ஒரு சொட்டு வந்தாலும் எனக்கும் தெரியும், தூக்கி வைத்திருப்பவருக்கும் தெரியும். எனக்கு ஓர் எண்ணம் வந்தது: ஒரு வயதில் நான் எவ்வளவு பழகினேனோ தெரியாது, அம்மாச்சி என்னை நன்றாகப் படித்து வைத்திருந்தார். நான் எப்போது நெளிவேன், எப்போது விளையாட்டை நிறுத்திவிட்டு வெறித்துப் பார்ப்பேன் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அப்புறம் அம்மா போகிற போக்கில் ஒன்று சொன்னாள். “வீட்டுல அம்மாச்சி, பெரியம்மா, சித்தி, நானு. நாலு பேருல ஒருத்தி கை சும்மா இருக்கும்ல.”

இரண்டு நாளாக என்னைக் குத்திக்கொண்டிருந்த முள் அதைக் கேட்டதும் எடுபட்டுவிட்டது. எனக்கு இருந்ததெல்லாம் ஒரு லேப்டாப், டைல்ஸ் தரை, ஒரு மாப். டயப்பருக்குள் இருக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட் தூள் ஈரத்தை உறிஞ்சிக் கட்டியாக்கிவிடுகிறது. பிள்ளைக்கு நனைந்ததே தெரியாது. ராத்திரி நன்றாகத் தூங்குகிறது, நான் நன்றியோடுதான் வாங்கினேன். ஆனால் அதற்கு விலையாக, நனைவது என்றால் என்ன என்பதையே என் மகள் இரண்டேகால் வயதில்தான் முதல் தடவையாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. முதல் முறை கால் வழியாக வழிந்தபோது அவள் பயந்து, அசையாமல் கையை விரித்தபடி நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

முதல் நாள் 11 ஜட்டி. கீழ் வீட்டு அண்ணி டியூட்டி முடிந்து வந்து, கால் வலியோடு படியில் உட்கார்ந்தபடியே விளக்கினார்: இந்த வயதில் சிறுநீர்ப்பை பிடிப்பது சுமார் 120 மில்லி, ஒரு சின்ன காபி டம்ளர் அளவு. அது நிறைந்ததை மூளை உணர வேண்டும், உணர்ந்ததும் விளையாட்டை விட வேண்டும், அடக்கிக்கொண்டு நடக்க வேண்டும், ஜட்டியை இறக்க வேண்டும், அப்புறம் இறுக்கியதைத் தளர்த்த வேண்டும். “இத்தனையும் ஒரு குட்டிப் பொண்ணு ஒரே நேரத்துல செய்யணும். நாலு தடவை நடந்தா அது பெருசு” என்றார். ஆய்க்கு சாப்பாட்டை நம்பச் சொன்னார். வயிற்றில் உணவு விழுந்ததும் குடல் அசையத் தொடங்கும். அதனால் சாப்பிட்ட கால் மணியிலிருந்து அரை மணிக்குள், கதை சொல்லிக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார வைத்தால் போதும். வராவிட்டால் எழுப்பிவிட வேண்டும்.

கம்மோடின் மேல் வைக்கும் சின்ன சீட் வாங்கியிருந்தேன். அம்முவின் கால் அந்தரத்தில் தொங்கும். அண்ணா ஒரு மர மணையைக் கொண்டுவந்து காலடியில் போட்டார். கால் ஊன்றியதும் முழங்கால் இடுப்புக்கு மேலே வந்தது. அம்மாச்சியின் பாதங்களில் நான் உட்கார்ந்திருந்த அதே குந்தல். கால் ஊன்ற இடம் இருந்தால்தான் அடிவயிற்றுத் தசை தளரும் என்று பின்னால் குழந்தை மருத்துவரும் அதையேதான் சொன்னார்.

எட்டாவது நாளிலிருந்து அம்மு சொல்ல ஆரம்பித்தாள். மூன்று நாள் ஒரு ஜட்டிகூட நனையவில்லை. அந்த மூன்றாவது நாள் சாயங்காலம் மொட்டை மாடியில் நான் அதை எல்லோரிடமும் சொன்னேன். இரட்டையர் அம்மா கை தட்டினார், பாட்டி அம்முவுக்கு நெற்றி வழித்துத் திருஷ்டி கழித்தார். மூன்றாவது மாடி அக்கா அங்கே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். பாதி வாளித் துணி மிச்சமிருக்கும்போதே இறங்கிப் போய்விட்டார்.

அவருடைய பையனுக்கு அப்போது 4 வயது 3 மாதம். ஆட்டிசம் உண்டு, அவனிடம் ஏழெட்டு வார்த்தைகள்தான். இன்னும் டயப்பரில்தான் இருந்தான். எங்கள் ஃபிரிட்ஜ்களில் ஒட்டிய தாளில் அவனுக்கு வரி இல்லை. யாரும் வேண்டுமென்று விடவில்லை. யாரும் நினைக்கவும் இல்லை.

பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்குப் போனோம். விருதுநகர்க்காரர்களுக்குப் பராசக்தி மாரியம்மன் கோவில் பொங்கலை விட்டுவிட மனசு வராது. தாம்பரத்தில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினோம். ரயில் கழிப்பறையின் ஆட்டமும் சத்தமும் அம்முவை மிரட்டிவிட்டன. வாசலிலேயே என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். டயப்பர் போட்டுவிடுகிறேன் என்றால் அதற்கும் மாட்டேன் என்றாள். “டயப்பர் குட்டிப் பாப்பாக்குத்தான், நீ பெரிய பொண்ணு” என்று பதினைந்து நாளாக நானே சொல்லியிருந்தேன். அந்த வார்த்தையை அவள் எவ்வளவு ஆழமாக வைத்திருந்தாள் என்பது அன்று ராத்திரி தெரிந்தது. அடக்கிக்கொண்டே தூங்கினாள்.

ஊரில் கூட்டம், வெயில், ஆளுக்கு ஆள் தின்பண்டம். தண்ணீர் சரியாகக் குடிக்கவில்லை. சாப்பிடாததற்கு ஈடாகப் பாலாகக் கொடுத்தேன். நான்கு நாள் ஆய் போகவில்லை. ஐந்தாவது நாள் கல் மாதிரி வந்தது, கூடவே ஒரு கோடு ரத்தம். அவள் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. அம்மா, வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தொட்டு ஆசனவாயில் வைக்கலாம் என்றாள். அவள் எங்களுக்குச் செய்ததுதான், அன்பில் சொன்னதுதான். ஆனால் ஏற்கெனவே கிழிந்த இடம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சென்னைக்குத் திரும்பிய பிறகு அம்மு வேறு பிள்ளையாகிவிட்டாள். தினமும் ஒரு நேரம் திரைச்சீலைக்குப் பின்னால் போய், கட்டைவிரலில் எம்பி நின்று, தொடைகளை இறுக்கி, முகம் சிவக்க நிற்பாள். முக்குகிறாள் என்று நினைத்து நான் பக்கத்தில் உட்கார்ந்து “முக்கு தங்கம், இன்னும் கொஞ்சம்” என்று தைரியம் சொல்வேன். ஒன்றும் வராது. அப்புறம் ஜட்டியில் தண்ணீராகக் கறை படிய ஆரம்பித்தது. வயிற்றுப்போக்கு என்று நினைத்து அரிசிக் கஞ்சியும் வாழைக்காயும் கொடுத்தேன். உச்சாவும் பழையபடி போகிற இடமெல்லாம் போனது. ராத்திரி 2 மணிக்குப் பாத்ரூம் தரையில் உட்கார்ந்து ஜட்டிகளைத் தேய்த்துக்கொண்டே அழுதிருக்கிறேன். மொட்டை மாடிக்குப் போவதை நிறுத்திவிட்டேன். மூன்று நாள் நனையாத ஜட்டியைப் பற்றி அத்தனை பேர் முன்னால் பேசியவளுக்கு, இப்போது போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

ஒரு நாள் மதியம் மூன்றாவது மாடி அக்கா கதவைத் தட்டினார். காற்றில் எங்கள் பால்கனியில் விழுந்த துண்டை எடுக்க வந்திருந்தார். அம்மு திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். திரைக்குக் கீழே அவளுடைய எம்பிய பாதங்கள் மட்டும் தெரிந்தன. அக்கா அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அவ முக்கல ம்மா. அடக்குறா.”

துண்டைத் தோளில் போட்டபடியே தரையில் உட்கார்ந்து சொன்னார். அவர் பையன் ஏழு மாதம் இப்படித்தான் இருந்தானாம். ஒரு முறை வலித்துவிட்டால் பிள்ளை அடுத்த முறையை அடக்கும். அடக்கினால் உள்ளே இருப்பது இன்னும் இறுகும், பெரிதாகும், அடுத்தது இன்னும் வலிக்கும். இறுகிய கட்டியைச் சுற்றி இளகியது மட்டும் கசிந்து வருவதால் வயிற்றுப்போக்கு மாதிரி தெரியும். நிறைந்த குடல் சிறுநீர்ப்பையை அழுத்துவதால் உச்சாவும் நிற்காது. “கஞ்சிய நிறுத்து. நாளைக்கே டாக்டர்ட்ட போ. போகும்போது, எத்தனை நாளா, எப்படி நிக்குறா, ரத்தம் வந்துச்சா எல்லாத்தையும் எழுதிட்டுப் போ. அங்க போனா நமக்கு அழுகைதான் வரும், வார்த்தை வராது.” அவருக்குத் தெரிந்த அத்தனையையும் யாரும் சொல்லித் தராமல், தனியாக, ஏழு மாதத்தில் கற்றிருக்கிறார். அவர் தலைக்கு மேலே மொட்டை மாடியில் நாங்கள் தினமும் சாயங்காலம் இதையேதான் பேசிக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கு மொட்டை மாடியில் நான் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். “உன் பிள்ளையப் பத்தி நீ சந்தோஷப்படாம வேற யாரு படுவா? அது தப்பில்ல. எனக்குத்தான் அன்னிக்கு அங்க நிக்க முடியல” என்றார்.

மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்த உடனே சொல்லிவிட்டார். லாக்டுலோஸ் சிரப் எழுதிக் கொடுத்தார். இளகிவிட்டது என்று நாமாக நிறுத்தக் கூடாது, வலி வரும் என்ற பயத்தைப் பிள்ளை மறக்கும்வரை கொடுக்க வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்றார். அம்மு ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்குப் பக்கமாகப் பால் குடித்துக்கொண்டிருந்தாள். அரை லிட்டருக்கு மேல் தேவையில்லை, பால் வயிற்றை அடைத்தால் சாப்பாடு இறங்காது, மலமும் இறுகும் என்றார். தண்ணீர், கீரை, கொய்யா, பப்பாளி. காம்பு, சோப்புத் துண்டு, விளக்கெண்ணெய் எதுவும் கூடாது. கழிப்பறைப் பழக்கத்தை இப்போதைக்கு நிறுத்தி வைக்கச் சொன்னார். டயப்பர் கேட்டால் போட்டுவிடச் சொன்னார்.

கேட்டாள். “பாப்பா டயப்பர் வேணும்” என்று தயங்கித் தயங்கி, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். போட்டுவிட்டு, “பெரிய பொண்ணும் போட்டுக்கலாம்” என்றேன். அந்த ஒரு வரியைச் சரிசெய்ய எனக்கு வாரக்கணக்கில் ஆனது. மற்ற வீடுகளிடமும் சொன்னேன்: யாரும் என் பிள்ளையிடம் “சீ சீ” என்றோ “அசிங்கம்” என்றோ சொல்ல வேண்டாம், பெரிய பொண்ணு என்றும் சொல்ல வேண்டாம். பிளே ஸ்கூலை ஜூனில் விட்டுவிட்டோம். கட்டிய முன்பணம் திரும்ப வரவில்லை. அதைப் பற்றி எனக்கு இன்றும் வருத்தம் இல்லை.

அக்காவை நாங்கள் எல்லோருமாகப் போய்க் கூப்பிட்டோம். வருகிறேன், ஆனால் எத்தனை நாளாச்சு, இன்னுமா ஆகலை என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது என்றார். சரி என்றோம். அந்த ஒரு பேச்சு எங்கள் சாயங்காலங்களையே மாற்றிவிட்டது. அதற்கு முன்னால் நல்ல நாளைப் பற்றித்தான் பேசுவோம். நனைந்த நாளன்று அவரவர் வீட்டிலேயே இருந்துவிடுவோம். இப்போது நனைந்த நாளன்றுதான் மேலே வந்தோம். எதிர் வீட்டுப் பெண் ஒரு நாள், பொறுமை போய்ப் பாப்பாவை அடித்துவிட்டேன் என்று வந்து உட்கார்ந்தாள். ஒருவரும் புத்தி சொல்லவில்லை. பாட்டி பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கோலி சோடா வாங்கப் போனார், இரட்டையர் அம்மா அவள் வீட்டுக்குப் போய்த் தரையைத் துடைத்துவிட்டு வந்தார். கணவருக்கு ராத்திரி ஷிப்ட் இருக்கும் வாரங்களில் அண்ணி என்னிடம், டியூட்டியில் இருந்தாலும் போன் செய் என்று சொல்லி வைத்திருந்தார். மூன்று தடவை செய்திருக்கிறேன். இரண்டு தடவை எடுத்தார். எடுக்காத தடவைகூட, எடுப்பவர் ஒருவர் இருக்கிறார் என்பதே போதுமாக இருந்தது.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு துணிப்பை தொங்கும். அதில் எல்லாப் பிள்ளைகளின் ஜட்டியும் இரண்டிரண்டு. சாதாரண யோசனைதான், ஆனால் “அய்யோ, மாத்துறதுக்கு எடுத்துட்டு வரலையே” என்ற பதற்றம் அதோடு போனது.

கழுவிவிடுவது பற்றி முதலில் பேசியவர் கீழ் வீட்டு அண்ணா. “பொண்ணுங்கள நான் கழுவிவிட மாட்டேன் தங்கச்சி. என் வீட்டுல இருக்கும்போது வந்துச்சுன்னா உடனே உன்னைக் கூப்பிடுறேன். நீ நம்பலைன்னு இல்ல. அம்மாவும் அம்மா சொன்னவங்களும்தான் தொடலாம்னு புள்ளைக்குப் பழகணும்” என்றார். அவர் சொன்ன பிறகுதான் எல்லோரும் உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் யார் யார் என்று முடிவு செய்தோம். அம்முவுக்கு அம்மா, அப்பா, அம்மாச்சி, மூன்றாவது மாடி அக்கா, இரட்டையர் பாட்டி. அவளே விரல் மடக்கிச் சொல்வாள். பெண் பிள்ளைகளை முன்னாலிருந்து பின்னால் கழுவ வேண்டும், மாற்றிக் கழுவினால் சிறுநீர்த் தொற்று வரலாம் என்பதையும் அன்றைக்கே எல்லோருக்கும் அண்ணி சொல்லிவிட்டார். பாட்டிகூட அது தெரியாது என்று ஒப்புக்கொண்டார்.

அக்காவின் பையனுக்கு ஃபிளஷ் சத்தம் ஆகாது. காதைப் பொத்திக்கொண்டு பாத்ரூமை விட்டே ஓடிவிடுவான். முட்டுக்காட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனத்துக்கு அவனை அழைத்துப் போகிறார்கள். அங்கே சொன்னபடி அக்கா ஒரு படவரிசை வரைந்தார். ஜட்டியை இறக்குவது, உட்காருவது, கழுவுவது, ஜட்டியை ஏற்றுவது, கை கழுவுவது. ஃபிளஷ் அதில் இல்லை. அவன் வெளியே வந்து கதவைச் சாத்திய பிறகு அக்கா போய் அழுத்துவார். அவன் பாத்ரூமுக்குள் போனதும் முதலில் தொடுவது அங்கிருக்கும் நீல வாளியைத்தான். அதனால் முதல் படம் நீல வாளி. அந்த ஒரு படத்தைத் தனியாக வெட்டி அவன் கையெட்டும் உயரத்தில் ஒட்டினார். போக வேண்டும் என்றால் அதைத் தொட வேண்டும்.

ஃபிரிட்ஜ் தாளைப் புதிதாக எழுதினோம். ஐந்தாவது வரியில் வார்த்தை இல்லை, நீல வாளி. அவன் வரும் வீடுகள் எல்லாவற்றிலும் கீழே, அவன் உயரத்துக்கு, ஒரு நீல வாளிப் படம். படவரிசையைப் பார்த்த இரட்டையர் தங்களுக்கும் அது வேண்டும் என்று அழுதார்கள். எங்கள் அத்தனை பேச்சிலும் பழகாத சின்னவன், படத்தைப் பார்த்து இரண்டே வாரத்தில் பழகினான்.

அம்முவுக்கு நான்கு மாதம் சிரப் கொடுத்தோம். ஆவணி முடிவதற்குள் அவளாகவே டயப்பரை வேண்டாம் என்றாள், நான் எதுவும் சொல்லவில்லை. ராத்திரி இன்னும் டயப்பர்தான். தூக்கத்தில் சிறுநீர் சுரப்பதைக் குறைக்கும் ஹார்மோன் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு வயதில் சீராகிறது, 5 வயது வரை படுக்கை நனைவதை மருத்துவர்கள் கோளாறாகவே எடுத்துக்கொள்வதில்லை. அதனால் நான் அவசரப்படவில்லை. அக்காவின் பையன் வீட்டில் போகிறான். வெளியிடங்களில் இன்னும் டயப்பர். சில வாரம் வீட்டிலும் இல்லை. எதிர் வீட்டுப் பாப்பா இப்போது இரட்டையர் பாட்டியை “பாட்டிமா” என்று கூப்பிடுகிறாள். அந்த ‘மா’ எப்போது ஒட்டியது என்று யாருக்கும் நினைவில்லை.

இந்த ஐப்பசியில் மொட்டை மாடிக்குப் போகவே முடியவில்லை. ஜட்டி ஒன்றும் காயவில்லை. எல்லார் வீட்டு ஃபேனுக்கும் கீழே கொடி கட்டியிருக்கிறது. போன வாரம் ஒரு நாள் மழைக்கு எல்லோரும் எங்கள் ஹாலில் இருந்தார்கள். பிள்ளைகள் ஆறு பேர், பெரியவர்கள் நாங்கள் ஐந்து பேர், பேச்சும் மழைச் சத்தமுமாக ஒன்றுமே கேட்கவில்லை. அம்மு வந்து என் நைட்டியைப் பிடித்து இழுத்தாள்.

“அம்மா, நீல வாளி.”

அவளுக்கு வருகிறதோ என்று தூக்கப் போனேன். தலையை ஆட்டிவிட்டுக் கையை நீட்டினாள். அக்காவின் பையன் ஃபிரிட்ஜ் முன்னால் நின்று, படத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். எத்தனை நேரமாகவோ. நான் அக்காவைக் கூப்பிடுவதற்குள் அம்மு ஓடிப்போய்ப் பாத்ரூம் கதவைத் தள்ளித் திறந்து பிடித்துக்கொண்டாள்.